இருபது நிமிடத்துக்கு ஒரு தரம்

மணி ஒன்று நாற்பது. நீரேற்று நிலையத்துக்குப் போகிற பாதை... ஊர் எல்லையிலிருந்து எட்டு கிலோமீட்டர். தெருவிளக்கு என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. ஒரு பக்கம் பெரிய தண்ணீர்க் குழாய், இன்னொரு பக்கம் முள்வேலி. நாய்கூட அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வராது. அந்தப் பாதையில் ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் கழுத்தில் ஒரு வாக்கிடாக்கி தொங்கியது. ஆள் பயந்துகொண்டு போகவில்லை, கோபத்தோடு போனார். கொஞ்சமாவது பயந்திருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும்.

கிட்ட வந்து உட்காருங்கள். ஜெனரேட்டரை அணைத்தாயிற்று, விடியும்வரை நம் ரேடியோ எதுவும் பேசாது. பேசக் கூடாது. டேய், அந்தப் போர்வையை நீ ஒருத்தனே சுருட்டிக்கொண்டால் எப்படி? பக்கத்தில் இருக்கிறவரும் மனுஷன்தானே, அவருக்கும் கொஞ்சம் விடு.

இது என் நண்பனின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு நடந்தது. கண்ணாடிக்கடைக்காரர். கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவர். ஊரார் பார்வையையெல்லாம் சரிபண்ணுகிறவருக்குத் தன் பார்வையில் மட்டும் ஒரு கோளாறு. எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு திருட்டுத்தனம் தெரியும். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "கனம் குறையுதே" என்பார். மருந்துக்கடைக்காரர் சிரித்தால், "இவன் எதுக்கு இன்னிக்குச் சிரிக்கிறான்?" என்பார். மற்றபடி நல்ல மனிதர். நம்மைப் போலவே ரேடியோப் பைத்தியம்.

புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மைப் போன்ற ஆட்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்த அலைவரிசைகளில் ஒன்று மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. யாரும் அதில் பேசுவதில்லை, அதனால் எந்தக் கம்பெனியும் அதற்குக் கருவி செய்வதில்லை. கருவி இல்லை, அதனால் யாரும் பேசுவதில்லை. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. ஒரே ஒரு வழி உண்டு. டாக்சிக் கம்பெனி, கட்டடக் கம்பெனி, துறைமுகம் என்று தொழிலுக்கு வாங்கி ஓட்டித் தேய்த்துத் தூக்கிப் போட்ட பழைய ரேடியோக்களில், நம் அலைவரிசைக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவை எங்காவது கிடக்கும். தேடிப் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு இணைத்து, உள்ளே எழுதியிருக்கிற பழைய எண்களை அழித்து, நம் எண்களை எழுத வேண்டும்.

கண்ணாடிக்காரர் எட்டு மாதம் தேடினார். கூட ஒரு கூட்டாளி, மின்சாமான் கடையில் வேலை. அவர் குரல் ஆலைச் சங்கு மாதிரி இருக்கும், அதனால் பேரே சங்கு ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய இரும்புக் கடை, ஏலக் கிடங்கு என்று ஏறி இறங்கினார்கள். ஒரு கடையில் "ரேடியோ சார், அசல் ரேடியோ" என்று சத்தியம் பண்ணி ஒரு பெட்டியைத் தலையில் கட்டினார்கள். பிரித்துப் பார்த்தால் தொட்டிலில் குழந்தை அழுதால் அடுத்த அறையில் கேட்கிற கருவிகள். சங்கு சிரித்த சிரிப்பில் கடைப் பூனை ஓடிவிட்டது.

கடைசியில், கட்டடம் இடிக்கிற ஒருவரின் கிடங்கில் கிடைத்தது. ஒரு கோணிப்பை. உள்ளே கையில் பிடிக்கிற ரேடியோ ஐந்து, மேஜையில் வைக்கிற பெரியது ஒன்று. ஈரத்துணியை மடித்து வைத்தால் வருமே, அந்த வாடை. முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெள்ளைச் சாயத்தில் எண்கள்.

"இது எங்கேர்ந்து வந்தது?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"வந்தது சார். எடுத்துக்கறதுன்னா எடுத்துக்குங்க. ஊர்க்கதை கேக்கறதுக்கு நீங்க என்ன போலீஸா?"

அன்றைக்கே வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து எழுதினார்கள். அங்கேதான் நாமெல்லாரும் பண்ணுகிற அதே தப்பைப் பண்ணினார்கள். உள்ளே இருக்கிறதை முழுசாகத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். யார் எழுதுகிறோம்? அலைவரிசையை மட்டும் மாற்றினார்கள், மிச்சத்தை அப்படியே உள்ளே தள்ளினார்கள். ஓடுகிற வண்டியை நோண்டுவானேன் என்கிற நினைப்பு.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். நாலாம் நம்பர் தானாக முனக ஆரம்பித்தது. டிக்... டிக்... டிக். அரை நிமிடம் அப்படியே. பிறகு வீல் என்று ஒரு கத்தல். மேஜை ரேடியோவில் '4' என்று சிவப்பாக எரிந்தது. அதன் ஒலிபெருக்கியில் இவர்கள் இருந்த அறையே கேட்டது, மின்விசிறிச் சத்தம், நாற்காலிக் கிரீச்சு, சங்குவின் "ஐயோ அம்மா" எல்லாம்.

விஷயம் சங்குவுக்குத் தெரிந்திருந்தது. தனியாக வேலை செய்கிற ஆளுக்காகச் செய்த ஏற்பாடு அது. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ரேடியோ அந்த ஆளைக் கூப்பிடும், 'இருக்கிறாயா?' என்கிற மாதிரி. பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் மற்ற ரேடியோக்களில் குருவி மாதிரி 'கீச்' என்று ஒரு சத்தம், நம்பர் தெரியும். அரை நிமிடத்துக்குள் அமுக்காவிட்டால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ரேடியோ ஊரைக் கூட்டும், தன் மைக்கைத் தானே திறந்துவிடும். அங்கே என்ன நடக்கிறதோ அது அப்படியே எல்லோருக்கும் கேட்கும்.

"அழிச்சு விடுப்பா, பெரிய தொல்லை" என்றார் சங்கு.

"இருக்கட்டும். எனக்கு ஒருத்தனைக் கவனிக்க வேண்டியிருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த ஒருத்தன், அவர் மனைவியின் தம்பி. மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். சாட்சிகள் சொல்வதைச் சொல்லச் சொல்ல எழுதி, ஒரு சொல் பிசகாமல் திருப்பிப் படிக்கிற வேலை. அப்பா அம்மா இல்லை, இருப்பது அந்த ஒரே தம்பி. வயது முப்பத்தொன்று ஆகியும் வீட்டில் அவன் பேர் சின்னவன்தான். குடியில் மூன்று வேலை போயிற்று, வந்த சம்பந்தமும் போயிற்று. அக்காதான் பிடித்து இழுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டாத குறையாக நிமிர்த்தினாள். எட்டு மாதமாகத் தொடவில்லை. நீரேற்று நிலையத்தில் இராக்காவலுக்கு ஆள் வேண்டும் என்றபோது கண்ணாடிக்காரர்தான் பொறியாளரிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். அந்த மட்டில் நல்லவர். ஆனால் வேலைக்குப் போகிற முதல் நாள் வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"ஒரு தடவை... ஒரே ஒரு தடவை குடிச்சேன், தூங்கினேன்னு என் காதுல விழட்டும். அப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. உங்க அக்கா அழுதாலும் சரி."

"சரி அத்தான்" என்றான் அவன். வேறென்ன சொல்வான்? அவனுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு வாசப்படிதான்.

நீரேற்று நிலையம் பள்ளத்தில் இருந்தது, கைபேசி எடுக்காது. நாலாம் நம்பரை அவன் இடுப்பில் மாட்டி அனுப்பினார் கண்ணாடிக்காரர். லைசென்ஸ் இல்லாதவன் கையில் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள். கொடுக்கக் கூடாது. கொடுத்தார்.

"அவனோட பாதுகாப்புக்குத்தான்" என்று மனைவியிடம் சொன்னார்.

"பாதுகாப்புக்கா, வேவு பாக்கவா?" என்றாள் அவள்.

முதல் இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, படுக்கைக்குப் பக்கத்தில் மேஜை ரேடியோ. இருபது நிமிடத்துக்கு ஒரு கீச். ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே பாதித் தூக்கம். சின்னவன் சோம்பேறி, அரை நிமிடக் கெடுவில் கடைசி நொடி வரைக்கும் இழுத்துத்தான் அமுக்குவான். பத்து மணி, பத்து இருபதரை, பத்து நாற்பத்தொன்று என்று நேரம் தள்ளிக்கொண்டே போகும். அமுக்குகிற அந்த ஒரு கணத்தில் மைக் திறந்து மூடும். மோட்டார் உறுமுவது கேட்கும், கைபேசியில் ஏதோ பாட்டு கேட்கும், அவனுடைய வறட்டு இருமல் கேட்கும். ஒரு நாள் முழுக் கொட்டாவி ஒன்று கேட்டது.

ஒரு திங்கட்கிழமை ராத்திரியிலிருந்து மாறிப்போயிற்று.

பத்து மணி. பத்து இருபது. பத்து நாற்பது. பதினொன்று. ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. ரேடியோ கூப்பிட்டு வாயை மூடும் முன்பே பதில் வந்தது. விடிய விடிய அப்படி. மறுநாளும் அப்படி. மோட்டார் சத்தத்தைக் காணோம். இருமல் இல்லை, பாட்டு இல்லை. ஒரு சொட்டு... தண்ணீர்ச் சொட்டு... அவ்வளவுதான். குடத்துக்குள் காதை வைத்துக் கேட்கிற மாதிரி ஒரு வெறுமை.

வேறு ஆளாக இருந்தால், பயல் திருந்திவிட்டான் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பான். இவர் எழுந்து உட்கார்ந்தார். காலையில் வீடு வந்த சின்னவனிடம், "ராத்திரி எல்லாம் ஒழுங்கா?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"ஒழுங்குதான் அத்தான்" என்றான். சொல்லும்போது தரையைப் பார்த்தான். அது போதாதா இவருக்கு?

கடைக்கு வந்த சங்குவிடம் சொன்னார். சங்கு எரிகிற அடுப்பில் இன்னொரு கட்டையைச் செருகினார். "அவன் டைமர் கட்டிட்டான்பா. நானா இருந்தா அதைத்தான் செய்வேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் பட்டனை அமுக்கற மாதிரி ஒரு சின்ன மோட்டார். கட்டி வச்சுட்டு ஆளு எங்கேயோ கிளாசும் கையுமா உக்காந்திருக்கான்."

"இல்லேன்னா வேற எவன்கிட்டயாவது கொடுத்துட்டுப் போறான்."

"அதுவும் நடக்கும். நாய் வாலை நிமித்த முடியுமா?"

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றேகாலுக்குக் கண்ணாடிக்காரர் சட்டையை மாட்டினார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு. மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"லேட்டா பதில் சொன்னா சந்தேகம். ஒழுங்கா சொன்னாலும் சந்தேகம். அவன் என்னதாங்க செய்யணும்?"

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"போறதுதான் போறீங்க, கத்தாதீங்க. பத்து மாசமா அவன் தொடலை. அது எனக்குத் தெரியும்." அவள் மேஜை ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இப்போது ஒன்று நாற்பதுக்கு வந்துவிட்டோம். அதே பாதை. கழுத்தில் தொங்கிய ரேடியோ கீச் என்றது. நாலு. சரியாக ஒன்று நாற்பது. இவர் பல்லைக் கடித்தார்.

நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார். செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று புல்லில் நடந்தார். இரண்டு மணிக் கீச் வரும் முன்பு சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

சின்னவன் மேஜையில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் கண்ணாடி, இவரே அரைத்துக் கொடுத்தது. பதிவேட்டில் மணிவாரியாகத் தண்ணீர் அளவை எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து கோணாமல் இருந்தது. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை, கிரீஸ் வாடை, வேறு வாடை எதுவும் இல்லை.

யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். இவர் ரேடியோச் சத்தத்தை மறுபடி கூட்டிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்தார், தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்ன அத்தான் தேடறீங்க?"

"ரேடியோ எங்கடா?"

சின்னவன் முகம் தொங்கிப்போயிற்று.

"தொட்டிக்குள்ள விழுந்திருச்சு அத்தான். திங்கக்கிழமை விடியக்காலம். மூடியைத் திறந்து சல்லடையைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தேன், குனிஞ்சப்போ இடுப்புலேர்ந்து நழுவிருச்சு. சொன்னா, குடிச்சிட்டுத்தான் போட்டேன்னு சொல்வீங்களோன்னு... பயந்துட்டேன். மறுநாள் திட்டுவீங்க திட்டுவீங்கன்னு பாத்தேன். நீங்க ஒண்ணுமே கேக்கலை. போனாப் போகுதுன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"அஞ்சு நாளா அது தண்ணிக்குள்ள கிடக்குதா?"

"ஆமா அத்தான்."

இரண்டு இருபது.

கீச்.

இவர் மார்பில் கிடந்த ரேடியோவில் '4' எரிந்தது. மோட்டார் சத்தத்துக்கு நடுவிலும் இரண்டு பேருக்கும் கேட்டது. ஒரு சொட்டு தண்ணீர். அப்புறம் யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கிற மாதிரி...

சின்னவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். "அது... அது யாரு அத்தான்?"

அவன் கையிலிருந்து பேனா நழுவி விழுந்ததைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். நெற்றியில் வேர்வை அரும்பியதையும் பார்த்தார். எல்லாம் பார்த்துவிட்டு அவருக்கு ஒன்றுதான் தோன்றிற்று. எப்பேர்ப்பட்ட நடிகன் இவன்!

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அது பரவாயில்லை, பேய் என்றால் ஓடியாவது போவான். சந்தேகப்பட்டவன் கண்ணுக்குப் பேயே எதிரில் வந்து நின்றாலும் மச்சான்தான் தெரிவான். கழுத்து ரேடியோவைத் திருகி அணைத்தார். சின்னவன் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

தொட்டி கட்டடத்துக்குப் பின்னால், தரைக்கு அடியில். மேலே ஓர் இரும்பு மூடி. இவரே தூக்கினார். உள்ளேயிருந்து ஒரு காற்று வந்து முகத்தில் அடித்தது, துருப்பிடித்த இரும்பும் அழுகின முட்டையும் கலந்த நாற்றம். சுவரில் இரும்புப் படிகள் கீழே போயின. அடியில் முழங்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர்.

"இதுல தனியா இறங்கக் கூடாது அத்தான்" என்றான் சின்னவன். "ரெண்டு பேர் வேணும், கயிறு வேணும், முதல்ல மெஷின் வச்சு காத்து ஊதணும். விடியட்டும், நானே ஆளைக் கூப்பிட்டு எடுத்துத் தரேன்."

அதற்குக் கண்ணாடிக்காரர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இப்போது கேட்காதீர்கள், அது தன்னாலே வரும். சின்னவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டான். இறங்கினான்.

படியில் பாதம் படுகிற சத்தம்... ணங்... ணங்... ணங். பதினாறு. தண்ணீர் சளப்பென்றது. வெளிச்சம் அங்கும் இங்கும் அலைந்தது.

"இங்க ஒண்ணும் காணோம் அத்தான்..."

அப்புறம் ஒரு சளப். கொஞ்சம் பெரியது. அவ்வளவுதான்.

"டேய்."

பதில் இல்லை.

"டேய், என்கிட்டயே வேலையைக் காட்டறியா?"

சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த மனிதர் உதவிக்கு ஓடவில்லை. தொட்டிக்கு இன்னொரு வழி இருக்கும், அது வழியாக வெளியே வந்து, ரேடியோவை வைத்திருக்கிற கூட்டாளியோடு நின்று சிரிக்கிறான் என்று நினைத்தார். அணைத்து வைத்திருந்த ரேடியோவைப் போட்டுக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தார். மோட்டார் அறைக்குப் பின்னால் பார்த்தார், குழாய்ப் பள்ளத்தில் பார்த்தார், வேலி ஓரத்தில் பார்த்தார். ஒரு ஈ, காக்கை இல்லை.

இரண்டு நாற்பது ஆயிற்று. ரேடியோ ஊமையாக இருந்தது. பத்து நொடி... இருபது நொடி... முப்பதைத் தொடப்போகும்போது கீச். நாலு. கடைசி நொடி வரைக்கும் இழுத்து அமுக்கியது. கூடவே ஒரு வறட்டு இருமல்.

கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது. சின்னவனேதான்! நல்லபடியாக, உயிரோடு, எங்கேயோ உட்கார்ந்து தன்னை முட்டாளாக்குகிறான்! வரட்டும், எவ்வளவு நேரம் ஒளிந்திருப்பான் என்று பார்க்கலாம் என்று திண்டில் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று ஒன்றுக்கு இன்னொரு கீச், இன்னொரு இருமல். அப்போதுதான் எழுந்து போய், திட்டுவதற்காகத் தொட்டிக்குள் தலையை நீட்டினார்.

டார்ச் தண்ணீருக்கு அடியில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அசையவில்லை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் ஓர் உள்ளங்கால் தெரிந்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்து எடுக்கும்போது நாலரை. இறங்கி இரண்டு மூன்று நிமிடத்துக்குள் போயிருக்கும், உள்ளே விஷக்காற்று, ஒரு மூச்சுக்கு மேல் தாங்காது என்றார் டாக்டர். அப்படியென்றால் இரண்டு நாற்பதுக்கு இருமியது யார், மூன்று ஒன்றுக்கு இருமியது யார்? என்னைக் கேட்டால்? தொட்டியை முழுக்க இறைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். ஒரு திருகாணிகூடக் கிடைக்கவில்லை. ரேடியோ என்று ஒன்று அங்கே விழுந்ததற்கு அடையாளமே இல்லை.

காவல் நிலையத்தில் கண்ணாடிக்காரர் அழுதார். பொய் அழுகை இல்லை. ஆனால் அழுதுகொண்டே பொய் சொன்னார். "வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன் சார். ரேடியோவை எடுத்தே தீருவேன்னு இறங்கிட்டான்." எழுதிக்கொண்டார்கள். பொறியாளரிடமும் அதையே சொன்னார், சங்குவிடமும் அதையே சொன்னார். மனைவியிடம் சொன்னபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். நாலு பேரிடம் சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மை மாதிரி ஆகிப்போயிற்று.

வந்த உறவெல்லாம் திரும்பிப் போயிற்று. அவள் வேலைக்குப் போகவில்லை. பகலும் இரவும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, காதில் இயர்போன் மாட்டியிருப்பாள். துக்கத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இவர் விட்டுவிட்டார். எல்லாவற்றையும் துருவிப் பார்க்கிற மனிதர், அந்தக் கம்பி எங்கே போய் முடிகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவி வந்தார். அவள் மேஜையில் ஒரு நோட்டை விரித்து வைத்திருந்தாள். நீதிமன்றத்து நோட்டு. முழுக்கச் சுருக்கெழுத்து.

"உக்காருங்க" என்றாள். "அன்னிக்கு நான் எழுதினதைப் படிக்கறேன். தப்பிருந்தா சொல்லுங்க."

"எதை எழுதின?"

அவள் படிக்க ஆரம்பித்தாள். நீதிமன்றத்தில் படிப்பாளே, அந்தக் குரலில். ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"நேரம் ரெண்டு இருபத்தி நாலு. கூப்பிடற நேரம் ஆகலை, அதுக்குள்ள நாலாம் நம்பர் ஆபத்துன்னு கத்துது. மைக் தானா திறந்திருக்கு. என் தம்பி: விடியட்டும், நானே ஆளைக் கூப்பிட்டு எடுத்துத் தரேன். என் கணவர்: விடியறதுக்குள்ள எவனை வச்சு மறைப்ப? தம்பி: சத்தியமா உள்ள காத்து இருக்காது அத்தான். கணவர்: குடிகாரனுக்கு எதுக்குடா காத்து? யோக்கியன்னா இறங்கி எடுத்துட்டு வா. இல்லே, இப்பவே உங்க அக்காவைக் கூப்பிட்டு, நீ குடிச்சிட்டு உருண்டு கிடக்கறேன்னு சொல்றேன். தம்பி: அக்காகிட்ட மட்டும் அப்படிச் சொல்லிடாதீங்க அத்தான். இறங்கறேன்."

கண்ணாடிக்காரர் நோட்டை மூடக் கையை நீட்டினார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் இங்கேர்ந்து கத்தினேன்" என்றாள், அதே குரலில். "இறங்காதடான்னு தொண்டை கிழியக் கத்தினேன். உங்க ரேடியோவை நீங்க அணைச்சு வச்சிருந்தீங்க."

"நான்... கோவத்துல..."

"இன்னும் முடியலை." விரலை வரியின் கீழே வைத்துக்கொண்டாள். "காலடிச் சத்தம், பதினாறு. தண்ணிச் சத்தம். தம்பி: இங்க ஒண்ணும் காணோம் அத்தான். தண்ணிச் சத்தம். மூணாவது ஆள்: அப்பாடா, என்னை மாத்திவிட ஆள் வந்தாச்சு. நான் வீட்டுக்குக் கிளம்பறேன்."

"மூணாவது ஆளா? அங்க... அங்க மூணாவது ஆள் யாரும் இல்லையே!"

"கேக்காததை எழுதற பழக்கம் எனக்கு இல்லை. வயசான ஆம்பளைக் குரல். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்களுக்கு இருக்குமே, அந்தச் சந்தோஷம்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் எழுத்து இல்லை, நேரம் மட்டும். இரண்டு நாற்பதரை, மூன்று ஒன்று, மூன்று இருபத்தொன்றரை... வரிவரியாக, பக்கம் பக்கமாக. பகல், இரவு. பதினாறு நாள். கடைசி வரியின் மை காயவில்லை.

"இருமல் அதிகமாயிருக்கு" என்றாள். "பாவம், தூங்காம உக்காந்திருக்கான்."

இயர்போன் கம்பியை மேஜை ரேடியோவிலிருந்து உருவினாள். புதிதாக ஒரு பக்கத்தைத் திருப்பினாள். தேதி போட்டாள், கீழே கணவர் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தாள். பிறகு நிமிர்ந்து, பதினாறு நாளில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என் தம்பியை மாத்திவிட யார் போறது?"

பேனாவைப் பிடித்தபடி, பதிலை எழுதக் காத்திருந்தாள்.